டைரக்டர் ஆகணுமா? முதல் படத்துக்கு அப்புறம்தான் இருக்கு சவால்!

"ஒரே ஒரு படம் பண்ணிட்டா போதும்!" கோடம்பாக்கத்துக்கு வரும் பலரின் கனவு இதுதான். உண்மையில் போதுமா?

உள்ளே நுழைய என்ன வழி?

பழைய வழி, உதவி இயக்குநர் வேலை. பாலு மகேந்திராவிடம் வேலை பார்த்த வெற்றிமாறன், 2007-ல் 'பொல்லாதவன்' மூலம் இயக்குநரானார். இன்னொரு வழி, குறும்படம். 'நாளைய இயக்குநர்' டிவி நிகழ்ச்சியில் கவனம் பெற்ற கார்த்திக் சுப்பராஜ், 2012-ல் 'பீட்சா' தந்தார்.

அதோடு முடிஞ்சுதா?

இல்லை. தியாகராஜன் குமாரராஜாவின் 'ஆரண்ய காண்டம்' வெளியானது 2011-ல். தேசிய விருதும் வாங்கிய படம். அவரது அடுத்த படமான 'சூப்பர் டீலக்ஸ்' தியேட்டருக்கு வந்தது 2019-ல். நடுவில் எட்டு வருஷம்!

ஏன் இவ்வளவு கஷ்டம்?

படம் முடிந்தால் சம்பளமும் நின்றுவிடும். அடுத்த கதைக்குத் தயாரிப்பாளர், ஹீரோவின் கால்ஷீட், பைனான்ஸ் மூன்றும் ஒரே நேரத்தில் கூடி வர வேண்டும். அதுவரை வீட்டு வாடகை காத்திருக்காது.

அப்போ என்ன செய்யலாம்?

முதல் படம் ரிலீஸ் ஆகும்போதே இரண்டாவது ஸ்கிரிப்ட் கையில் இருக்கட்டும். எடிட்டிங், கேமரா என இன்னொரு தொழிலும் தெரிந்திருப்பது நல்லது. 2012-ல் 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்த பிரேம்குமார், '96' படத்தை இயக்கியது 2018-ல்தான்.

ஆக, ஒரு படத்துக்கு இல்லை, இருபது வருஷத்துக்குத் திட்டம் போடுங்க!