கடல் அட்டை: டன் கணக்கில் தெரியாத கணக்கு

பாக் நீரிணையின் இந்தக் கரையில், மண்டபம், வேதாளைப் பக்கம், கடல் அட்டை மூட்டைகள் பறிமுதல் என்று அடிக்கடி செய்தி வருகிறது. அந்தக் கரையில், யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார் மாவட்டங்களில், கடல் அட்டை ஏற்றுமதி டாலரை அள்ளித் தரப்போகிறது என்று செய்தி வருகிறது. இரண்டிலும் பெரிதும் பேசப்படுவது ஒரே பிராணிதான்: வெள்ளை அட்டை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் சுமார் 30 கி.மீ. கடல். இந்தியா 2001இல் எல்லாக் கடல் அட்டைகளையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் பக்கத்தில், வைத்தது. இலங்கையில் உரிமம் வாங்கிப் பிடிக்கலாம், வளர்க்கலாம், ஹாங்காங்குக்கும் சிங்கப்பூருக்கும் சீனாவுக்கும் அனுப்பலாம்.

ஏற்றுமதி ஏறுகிறது என்றால் கடலில் அட்டை பெருகியிருக்கிறதா? இதற்குப் பதில் தேடுமுன், ஏற்றுமதியாவது எது என்று பார்த்துவிட வேண்டும். அது இந்தப் பிராணியின் தோல் மட்டுமே. குடல் முதலானவற்றைக் கரையிலேயே வழித்து எறிந்துவிடுகிறார்கள்.

அந்தத் தோலைப் போன்ற அதிசயம் கடலில் அதிகமில்லை. அது பெரும்பாலும் கொலாஜன். நம் தசைநாண்களில் இருக்கும் அதே பொருள். நம்முடையது எப்போதும் ஒரே விறைப்பில் இருக்கிறது. கடல் அட்டையோ அதை வேண்டும்போது விறைக்கிறது, வேண்டும்போது இளக்குகிறது. தொட்டால் சிறிது நேரத்தில் கெட்டிப்பட்டுப் போகும். ஸ்டிக்கோபஸ் வகையில் சிலவற்றை விடாமல் கசக்கினால் தோல் குழைந்து விரலிடுக்கில் வழிந்தே விடும்.

வீட்டில் இருக்கும் ஈர்க்குத் துடைப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டு இறுகியிருந்தால் நிமிர்ந்து நிற்கும். கட்டு தளர்ந்தால் ஈர்க்குகள் ஒன்றையொன்று உரசி வழுக்கும். ஈர்க்குகள் மாறவில்லை, மாறியது கட்டுதான். கடல் அட்டையின் தோலில் கொலாஜன் இழைகள்தான் ஈர்க்குகள். நீளம் குறைந்து, இரு முனையும் கூர்த்து, தனித்தனியாகக் கிடக்கின்றன. டென்சிலின் என்ற புரதம் அவற்றைச் சேர்த்துப் பிணைக்கும் முடிச்சு. இப்போது அந்தத் துடைப்பத்தில் அடி முதல் நுனி வரை கணக்கற்ற முடிச்சுகள் என்று வையுங்கள். ஒவ்வொரு முடிச்சுக்கும் பக்கத்தில் நூலோடு ஓர் ஆள் காத்திருக்கிறார். நரம்பிலிருந்து உத்தரவு வந்தால் முடிகிறார், இன்னோர் உத்தரவு வந்தால் அவிழ்க்கிறார். துடைப்பம் நடுவில் மட்டும் தளர்ந்து, பாறை இடுக்கில் வளைந்து நுழைகிறது. உள்ளே போனதும் எல்லா ஆட்களும் ஒருசேர முடிகிறார்கள். இனி எந்த மீனும் அதை வெளியே இழுக்க முடியாது. முடிந்த பிறகு அந்த ஆட்கள் உறங்கலாம். முடிச்சு தானாக நிற்கும். தசை சுருங்கியே இருக்க வேண்டுமானால் ஓயாமல் ஆற்றல் செலவழிக்க வேண்டும். இந்தத் தோல் விறைத்து நிற்க ஆகும் செலவு அதைவிட மிகக் குறைவு.

ஜப்பானின் தட்சுவோ மோட்டோகாவா இதைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர். அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தார் 2008இல், இதே உத்தியில் பாலிமருக்குள் செல்லுலோஸ் நுண்ணிழைகளைக் கலந்து, ஈரம் பட்டால் இளகும் பொருளைச் செய்து காட்டினார்கள். மூளையில் பதிக்கும் மின்முனை செருகும்போது விறைப்பாகவும் உள்ளே போனதும் மென்மையாகவும் இருக்க வேண்டும் என்பது நோக்கம். இப்படிப்பட்ட தோலைப் புற்றுநோய்க்கு மருந்து என்று புட்டியில் விற்கிறார்கள். இதன் சில வேதிப்பொருள்கள் ஆய்வகத் தட்டில் புற்றுச் செல்களைக் கொல்வது உண்மை. தட்டில் செல்லைக் கொல்வதற்கும் நோயாளியைக் குணமாக்குவதற்கும் இடையில் உள்ள தூரத்தைப் புட்டியின் சீட்டு சொல்வதில்லை.

இந்த வணிகத்தின் வரலாறு நீளமானது, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சீனச் சந்தைக்காக மக்காசர் மாலுமிகள் 1907 வரை வட ஆஸ்திரேலியா போய் அட்டை எடுத்தார்கள். மன்னார் வளைகுடாவும் வெகுகாலமாக இதே சந்தைக்கு அனுப்பியது. 1988இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் வெள்ளை அட்டைக் குஞ்சைப் பொரிப்பகத்தில் முதன்முதலாக உண்டாக்கியது.

கரைக்கு வருவோம். பிடித்த அட்டையைத் தாமதிக்காமல் கீறிக் குடலெடுத்து, பெரிய பாத்திரத்தில் வேகவைக்க வேண்டும். போட்டு வைத்தால் தோல் கெட்டுவிடும். வெந்ததை ஈரமணலில் புதைக்கிறார்கள். மேல்தோலில் சுண்ணாம்புத் துணுக்குகள் நிறைய உண்டு; அந்தப் படலம் மணலுக்குள் மக்குகிறது. மறுநாள் தோண்டி, கூடையில் போட்டுக் காலால் மிதித்துக் கழுவி, மறுபடி வேகவைத்து வெயிலில் காயப்போடுகிறார்கள். உயிரோடு இருந்தபோதைய எடையில் சுமார் 20இல் ஒரு பங்குதான் மிஞ்சும். சுங்கத் தாளில் எழுதும் ஒரு டன் காய்ந்த அட்டைக்குப் பின்னால் ஏறத்தாழ 20 டன் உயிர் இருக்கிறது.

அந்தத் தாளில் இனத்தின் பெயரும் இல்லை. உலகச் சுங்கக் குறியீட்டில் கடல் அட்டைக்குத் தனி எண் வந்ததே 2012இல்தான். அதுவரை வேறு முதுகெலும்பில்லாத கடல் உயிர்களோடு ஒரே கூடையில் கிடந்தது. இன்றும் விலை உயர்ந்த வெள்ளை அட்டையும் மலிவான குச்சி அட்டையும் ஒரே எண்ணில் போகின்றன. உலகெங்கும் இந்த வணிகம் ஒரே வழியில் நடந்திருக்கிறது: முதலில் கரையோரத்து விலையுயர்ந்த இனம் தீர்கிறது, பிறகு ஆழத்துக்கு முக்குளிக்கிறார்கள், பிறகு முன்பு யாரும் தொடாத இனங்களை எடுக்கிறார்கள். டன் கணக்கு ஏறிக்கொண்டே இருக்க, கடல் ஒவ்வோர் இனமாகக் காலியாகிறது. போதாக்குறைக்கு, நம் கரையில் பறிமுதலாகும் மூட்டைகளில் பல இலங்கைக்குப் போகவிருந்தவை என்று காவல் தரப்பே சொல்கிறது. தப்பிப் போனவையும் அந்த ஏற்றுமதிக் கணக்கில்தான் சேர வேண்டும்.

தீர்ந்த இடத்தில் திரும்ப முளைப்பதும் சுலபமில்லை. ஆணும் பெண்ணும் விந்தையும் முட்டையையும் தண்ணீரில் விடுகின்றன. சந்திப்பு நீரோட்டத்தின் கையில். பக்கத்தில் துணை இல்லையென்றால் முட்டை வீண். அதனால் மிச்சமிருக்கும் கொஞ்சமும் பெருகாமலே முதுமை அடைகிறது. தடை போட்டதும் கடல் நிரம்பிவிடாததற்கு இது பெரிய காரணம்.

பண்ணை இதைச் சரிசெய்யும் என்பது இலங்கையின் வடமாகாணத்தில் சொல்லப்படும் வாக்குறுதி. குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்தால் அது உண்மையான வளர்ப்பு. கடலில் பொறுக்கிய குட்டியை வலைக்குள் போட்டுப் பருக்கவைத்தால், அதுவும் பிடிப்புதான், கொஞ்சம் தள்ளிப்போட்ட பிடிப்பு. இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பதை நான் ஏற்கமாட்டேன். 2022இல் கிளிநொச்சி கிராஞ்சியில் மீனவர்கள் பண்ணைகளை எதிர்த்துப் போராடியபோது, வேலியடித்த ஆழமற்ற கடல் தங்கள் மீன்பிடி நிலம் என்றார்கள். மீன் குஞ்சுகள் வளரும் கடற்புல் தரையும் அதே ஆழத்தில்தான் இருக்கிறது.

கணக்கைச் சீர்செய்யப் புதுக் கருவி எதுவும் தேவையில்லை. ஹாங்காங் வியாபாரி அட்டையை இனம் பிரித்து, கிலோவுக்கு எத்தனை உருப்படி என்று எண்ணித்தான் விலை போடுகிறார். கிலோவுக்கு உருப்படி கூடினால் அட்டை சிறுத்துவருகிறது என்று பொருள். டன் கணக்கு சரிவதற்கு முன்பே இது தெரிந்துவிடும். ஏற்றுமதியாளரின் விலைச்சீட்டில் ஏற்கெனவே இருக்கும் அந்த எண்ணையும், இனத்தின் பெயரையும், பொரிப்பகமா கடலா என்பதையும் கொழும்பு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.