அடிக்கக் கூடாத பந்து

திடல் தொடர் – 11

2008-ல் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு குழு, வேகமாகப் பந்து எறியும் பையன்களை இந்தியாவில் தேடியது. ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்று போட்டிக்குப் பெயர். உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் தேறினார்கள். அந்த வருடக் கடைசியிலேயே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்ற பேஸ்பால் அணியோடு ஒப்பந்தம். பிறகு சினிமாவும் வந்தது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வந்தவர்கள் தேடியது எறிகிற கையை மட்டும்தான். மட்டை பிடிக்கிற பையன் வேண்டும் என்று யாரும் கேட்கவே இல்லை.

காரணம் உண்டு. தோள் வலு உள்ளவனுக்கு எறியக் கற்றுக்கொடுத்துவிடலாம். அடிப்பது அப்படிச் சட்டென்று வராது. கூடைப்பந்தில் உச்சத்தில் இருந்த மைக்கேல் ஜோர்டான் 1994-ல் பேஸ்பாலுக்குப் போய், பர்மிங்ஹாம் பேரன்ஸ் என்ற மைனர் லீக் அணிக்கு 127 ஆட்டங்கள் ஆடினார். சராசரி .202. ஐந்துக்கு ஒன்றுதான் உருப்படியான அடி. 114 முறை ஸ்டிரைக் அவுட். அவர் உடம்பில் என்ன குறை? பள்ளிக்கூடம் முடிந்த பிறகு பார்த்திருக்க வேண்டிய ஆயிரக்கணக்கான பந்துகளை அவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இனி நம் ஊருக்கு வருவோம். பள்ளிகளுக்கான தேசியப் போட்டிகளில் பேஸ்பாலும் சாஃப்ட்பாலும் இருக்கின்றன. ஆகவே பெரம்பலூர், அரியலூர் பக்கத்துப் பி.டி. சார் ஒருவருக்கு இந்த உருண்டை மட்டையை என்றைக்காவது கையில் எடுக்க வேண்டிவரும். அரியலூரில் பிறந்த கார்த்தி செல்வம் இந்திய ஹாக்கி அணிக்குப் போனார். 2022 ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராகக் கோலும் போட்டார். ஆனால் ஹாக்கிக்குக் கோவில்பட்டி என்று ஓர் ஊர் இருந்தது. அவர் அங்கே போய்க் கற்றுக்கொண்டார். பேஸ்பாலுக்கு அப்படிப் பெயர் சொல்ல ஓர் ஊர் தமிழ்நாட்டில் இன்னும் உருவாகவில்லை. உள்ளூர் மைதானத்தில்தான் தொடங்கியாக வேண்டும்.

தொடங்க ஆளா இல்லை? கிட்டிப்புள்ளிலிருந்து டென்னிஸ் பந்து கிரிக்கெட்டுக்கு வந்த பிள்ளைகள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அதிலும் ஒரு வேடிக்கை. “கிராஸ் பேட் ஆடாதடா” என்று கிரிக்கெட்டில் திட்டு வாங்கியே வளர்ந்தவன்தான் இங்கே சீக்கிரம் தேறுவான். மிட்விக்கெட் பக்கம் இடுப்பைத் திருப்பி வீசும் அந்த அடியில் பேஸ்பால் வீச்சின் பாதி இருக்கிறது. முதலில் இடுப்பு திரும்ப வேண்டும், கை பின்னால் வர வேண்டும். மறுபாதியை மெதுவாகத் திருத்திக்கொள்ளலாம்.

மறக்கச் சொல்ல வேண்டியது ‘பிட்ச்’ ஆகும் இடத்தை. தரையில் குத்திய பிறகு பந்தைப் படித்தே பழகிய கண் அது. இங்கே பந்து குத்தாமல் நேரே வருகிறது. எறிமேட்டிலிருந்து, மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம். பெரியவர்கள் ஆட்டத்தில் மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து ஏறக்குறைய 0.4 விநாடியில் வந்து சேரும். மட்டையைச் சுற்றவே 0.15 விநாடி போய்விடும். மிச்சம் கால் விநாடி. அடிப்பதா விடுவதா என்பதை அதற்குள் முடிவு செய்ய வேண்டும். சிறுவர்களுக்கு லிட்டில் லீக்கில் இந்தத் தூரத்தை 46 அடியாகக் குறைத்திருக்கிறார்கள். நம் மைதானத்திலும் அந்த அளவில் கோடு போட்டுத் தொடங்குவதே நல்லது.

“பந்தைப் பாருடா!” என்று நாம் கத்துகிறோமே, அதனால் பெரிய பயன் இல்லை. 1984-ல் பாஹில், லாரிட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மட்டையாளர்களின் கண் அசைவை அளந்தார்கள். தொழில்முறை ஆட்டக்காரரின் கண்ணே பிளேட்டுக்கு ஐந்தரை அடி முன்பு பந்தைத் தவறவிட்டது. கடைசிவரை பார்க்க மனிதக் கண்ணால் ஆகாது. “எறிகிற கையைப் பார், பந்து விரலை விட்டுக் கிளம்பும் இடத்தைப் பார்” என்று சொன்னால் பிள்ளைக்குச் செய்ய ஒரு வேலை கிடைக்கும்.

1941-ல் .406 சராசரி எடுத்த பேஸ்பால் மட்டையாளர் டெட் வில்லியம்ஸ், அடிக்கத் தக்க பந்து வரும் ஸ்டிரைக் கட்டத்தை அகலத்தில் ஏழு, உயரத்தில் பதினொன்று என்று 77 பந்துகளாகப் பிரித்துப் படம் போட்டுக் காட்டினார். நடுவில் வரும் பந்துகளை அடித்தால் .400 எடுக்கலாம் என்றும், வெளிப்பக்கக் கீழ்மூலையில் வருவதை அடித்தால் .230-தான் தேறும் என்றும் கணக்குச் சொன்னார். அடிப்பவர் அதே ஆள்தான், பந்துதான் வேறு. கட்டத்துக்கு வெளியே போகும் நான்கு பந்துகளை விட்டால் முதல் பேஸ் இலவசம். கிரிக்கெட்டில் ஒரு வைடுக்கு ஒரு ரன் கிடைப்பதைவிட இது பெரிய லாபம். ஆனால் எதற்கும் மட்டையை வீசிவிடுகிற பிள்ளைக்கு அந்த லாபம் கிடைக்காது.

ஆகவே என் கட்சி இது: வீச்சுக்கு முன்னால் விடுவதைக் கற்றுக்கொடுங்கள். ஒவ்வொரு முறையும் முதல் மூன்று பந்துக்கு மட்டை அசையவே கூடாது. நிற்கிற நிலையில் நின்று, பந்து கிளம்பியதும் ‘அடி’ அல்லது ‘விடு’ என்று உரக்கச் சொல்லட்டும். சரியா தவறா என்று பின்னால் பிடிப்பவர் சொல்வார். ஒரு வாரத்தில் தொண்டை கட்டும், கண் திறக்கும்.

அடிக்கும் பயிற்சிக்கு ‘டீ’ என்கிற பந்துத் தாங்கி வேண்டும். கடையில் வாங்கத் தேவையில்லை. ரோடு வேலைக்கு வைக்கிற ரப்பர் கோனின் உச்சியில் இரண்டு சாண் பிவிசி குழாயைச் செருகி, அதன் வாயில் பழைய சைக்கிள் டியூபை மடித்துச் சுற்றினால் பந்து உட்கார இடம் தயார். பந்தை வயிற்றுக்கு நேரே வைக்காமல் முன்காலுக்கு நேரே வையுங்கள். நம் பிள்ளைகள் பந்தை உடம்புக்கு அருகே வரவிட்டு ஆடிப் பழகியவர்கள். இந்த ஒரு முழம்தான் அவர்களை முதல் மாதம் முழுக்கப் படுத்தும்.

டீயில் கை படிந்ததும் பக்கவாட்டிலிருந்து மெல்லப் போட்டுத் தருவது, பிறகு முன்னாலிருந்து எறிவது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஒரே வேகத்தில் ஒரே இடத்தில் ஐம்பது பந்து எறிந்து, பையன் எல்லாவற்றையும் பறக்கவிட்டதும் “பிரமாதம் தம்பி” என்று தட்டிக்கொடுப்பார்கள். ஆட்டத்தில் அப்படி யார் எறிவார்கள்? 1994-ல் கலிபோர்னியாவில் கல்லூரி ஆட்டக்காரர்களை வைத்துச் செய்த ஒரு சோதனை உண்டு. ஆறு வாரம், வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 45 பந்து. வேகப்பந்து, வளைபந்து, வேகம் குறைத்த பந்து என்று மூன்று வகை. ஒரு குழுவுக்கு வகைக்குப் பதினைந்தாக வரிசையாக எறிந்தார்கள், இன்னொரு குழுவுக்குக் கலந்து எறிந்தார்கள். கடைசியில் வரிசைக் குழு சுமார் 25 சதவீதம் தேறியது, கலவைக் குழு சுமார் 57 சதவீதம். கலந்து எறிந்தால் பயிற்சி பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். வேடிக்கை பார்க்கும் அப்பா முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

பந்து வாங்கக் காசில்லை என்பதும் தடையில்லை. டொமினிக்கன் குடியரசில் தண்ணீர் கேன் மூடியை விட்டெறிந்து துடைப்பக் கட்டையால் அடிக்கிறார்கள். ‘விட்டிஜா’ என்று பெயர். அங்கிருந்து மேஜர் லீக்குக்குப் போனவர்கள் ஏராளம். பெரம்பலூரில் அறுவடை முடிந்தால் மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டைகள் குவிந்து கிடக்கும். துண்டாக உடைத்து எறிந்தால் காற்றில் கோணலாக வரும். விளக்குமாற்றுக் கட்டையால் அதை அடிக்கிற பிள்ளைக்கு நிஜப் பந்து பெரிதாகத் தெரியும்.

ஒருவருக்கு எட்டு வீச்சு, பிறகு அடுத்தவர். கை சோர்ந்த பிறகு வீசும் ஒவ்வொன்றும் கெட்ட பழக்கமாகவே படியும். காத்திருப்பவர்கள் பிடிப்பவருக்குப் பின்னால், வலைக்கு அப்பால் நின்று அவர்களும் ‘அடி’, ‘விடு’ சொல்லட்டும். மட்டை சுற்றும் இடத்தைச் சுற்றிப் பத்தடிக்குச் சுண்ணாம்பில் வட்டம் போடுங்கள். அடிப்பவர் மட்டையைக் கீழே வைக்கும்வரை பந்து பொறுக்கக்கூட ஒருவரும் அதற்குள் வரக் கூடாது.

(தொடரும்)