பரணில் ஒரு ரிவால்வர்

ஆவடியில் பழைய வீட்டைக் காலி செய்யும்போது, பரணிலிருந்து இறக்கிய டிரங்குப் பெட்டியில், பட்டுப் புடவைக்கு அடியில் ஒரு ரிவால்வர் இருந்தால் எப்படி இருக்கும்? என் சிநேகிதிக்குக் கை கால் உதறிவிட்டது.

"பயப்படாதே! உன் மாமனாரைப் பெற்றவர் மெஸபொடேமியா யுத்தத்துக்குப் போனபோது வெள்ளைக்காரன் கொடுத்தது" என்றார், தொண்ணூறு தாண்டிய மாமியார்.

பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஹவில்தார் வந்தார். யாரையும் தொடவிடாமல், அதை மடக்கித் திறந்து, தோட்டா இல்லை என்று பார்த்த பிறகுதான் பேசினார்.

"அம்மா, இது அந்த யுத்தத்துச் சாமான் இல்லை."

முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் சேனையின் முக்கிய ரிவால்வர் பர்மிங்காமில் செய்த வெப்லி. 1887-இல் முதல் 'மார்க்', 1915-இல் ஆறாவது. ஐந்தாவது வரை கைப்பிடி கிளி மூக்குப் போல வளைந்திருக்கும். ஆறாவதில் சதுரமாகி, குழலும் ஆறு அங்குலமாக நீண்டது. குழல் வாய் 0.455 அங்குலம்; கனமும் ஜாஸ்தி.

பெட்டியில் இருந்ததோ சிறியது. 1932-இல் வந்த 0.38 என்ஃபீல்டு. அதிலும் பின்னாலுள்ள குதிரைக்கு, கட்டை விரலால் இழுக்கும் வால் இல்லை! டாங்கிக்குள் ஏறி இறங்கும் சிப்பாய்களுக்கு அந்த வால் எங்கேயாவது மாட்டிக்கொண்டு தொல்லை கொடுத்ததாம். 1938-இல் அதை எடுத்துவிட்டார்கள். (1965-இல் விஜயந்தா டாங்கியைச் செய்து அனுப்பிய ஆவடிக்காரர்களுக்கு இது புரியாதா, என்ன!) பழையவற்றையும் பழுதுபார்க்க வந்தபோது நறுக்கிவிட்டதால், வால் தப்பியவற்றுக்குச் சேகரிப்பவர்களிடம் தனி மவுசு. 1942-இல் சீக்கிரம் செய்வதற்காக உள்ளே ஒரு தடுப்பையும் விட்டுவிட்டார்கள். அந்த ரகம் தோட்டாவோடு கீழே விழுந்தால் தானே வெடிக்கலாம். பரணில் வைக்கிற சாமானா அது?

அப்படியானால் யாருடையது? மாமனார் இரண்டாவது யுத்தத்தின்போது ராணுவ டிப்போவில் குமாஸ்தா. குமாஸ்தாவுக்கு எதற்கு ரிவால்வர்? மாமியார் வாயே திறக்கவில்லை.

"பழசுதானே, அலமாரியில் அழகுக்கு வைத்துக்கொள்ளட்டுமா?" என்றாள் சிநேகிதி. கூடாது. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் புராதன ஆயுதத்துக்கு விலக்குத் தருகிறது. ஆனால், பழுதுபார்த்தாலும் சுட முடியாததாக இருந்தால்தான். இது இன்னும் சுடும். லைசென்ஸ் இல்லையென்றால் போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும்.

வக்கீலைக் கலந்துகொண்டு, மனு எழுதி, ஸ்டேஷனில் கொடுத்து ரசீது வாங்கி வந்தாள். ரசீது இப்போது பட்டுப் புடவைக்கு அடியில் இருக்கிறது. மாமியார் மட்டும் வருகிறவர்களிடமெல்லாம் இன்னும் மெஸபொடேமியா என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்.