பங்க் பலகை சொல்லாத கணக்கு

திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் முருங்கையும் வெண்டையும் விலை பேசி முடிந்ததும் கேரளாவுக்கு லோடு ஏறுகிறது. டீசல் விலை கூடினால் லாரி வாடகை கூடும். வாடகை கூடினால், காய் கொண்டுவந்த விவசாயிக்குக் கிடைக்கும் விலை குறையும். நிலக்கோட்டைப் பூ வியாபாரத்துக்கும் இதே கணக்குதான்.

உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை சரிந்தாலும் திண்டுக்கல் பங்க்குகளில் ஏன் குறைவதில்லை? டீக்கடைகளில் அடிக்கடி எழும் இந்தக் கேள்வி முழுக்க நியாயமானது.

பெட்ரோல் விலை மீதான கட்டுப்பாட்டை 2010 ஜூனிலும், டீசல் மீதான கட்டுப்பாட்டை 2014 அக்டோபரிலும் மத்திய அரசு விலக்கிக்கொண்டது. 2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் தினசரி விலை நிர்ணயம் நடைமுறைக்கு வந்தது. சந்தை ஏறினால் விலை ஏறும், இறங்கினால் இறங்கும் என்பதே இதற்குச் சொல்லப்பட்ட நியாயம்.

நடந்தது வேறு. 2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கால் இந்தியா வாங்கும் கச்சா எண்ணெய் பீப்பாய்க்குச் சுமார் 20 டாலராக வீழ்ந்தது. அடுத்த மாதமே மத்திய அரசு பெட்ரோலுக்கு 10 ரூபாய், டீசலுக்கு 13 ரூபாய் வரியைக் கூட்டியது. தமிழக அரசும் அதே மாதம் தன் வாட் வரியை உயர்த்தியது. 2014 தொடக்கத்தில் லிட்டருக்கு 3.56 ரூபாயாக இருந்த மத்திய அரசின் டீசல் கலால் வரி, 31.83 ரூபாயைத் தொட்டது. விலைச் சரிவின் பலன் மக்களுக்கு வந்து சேரவில்லை.

தலைகீழாகவும் நடந்தது. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்ததும் கச்சா எண்ணெய் 100 டாலரைத் தாண்டியது. ஐந்து மாநிலத் தேர்தல் நேரம் அது. அதற்கு முன்பிருந்தே அசையாதிருந்த பங்க் விலை, மொத்தம் நான்கரை மாதம் நகரவே இல்லை. தேர்தல் முடிந்த பின், மார்ச் 22 முதல் சுமார் இரண்டு வாரத்தில் லிட்டருக்கு 10 ரூபாய் ஏறியது.

இதையெல்லாம் பார்க்கிற மக்கள், எண்ணெய் விலை என்றாலே வரியும் அரசியலும்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இதில் பாதி உண்மை. மறுபாதி, எண்ணெய் நம் கையில் இல்லை என்பது. தேவையில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதிதான். 1974-இல் கண்டறியப்பட்ட பாம்பே ஹை எண்ணெய் வயல் முதுமையடைந்துவிட்டது. 2011-12-இல் 3.8 கோடி டன்னாக இருந்த உள்நாட்டு உற்பத்தி இன்று 3 கோடி டன்னுக்கும் கீழே.

இறக்குமதி எண்ணெயை வாங்கக் கையில் டாலர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இலங்கை 2022-இல் அனுபவித்தது. பங்க்குகளில் நாள்கணக்கில் வரிசை. பின்னர் கியூஆர் கோடு காட்டினால் வாரத்துக்கு இத்தனை லிட்டர் என்று ரேஷன்.

பங்க் விலையில் வரியும் இறக்குமதிச் செலவும் கலந்தே இருப்பதால், ஒவ்வொரு பங்க்கிலும் அடக்க விலை, மத்திய வரி, மாநில வரி, டீலர் கமிஷன் நான்கையும் தனித்தனியே தமிழில் எழுதி வைக்க அரசுகள் உத்தரவிட வேண்டும். எண்ணெய்க்கு எவ்வளவு, வரிக்கு எவ்வளவு என்று தெரிந்துகொள்வது லாரி ஓட்டுநருக்கும் விவசாயிக்கும் உள்ள உரிமை.