டிக்கெட்டுக்குத் தவமிருக்கும் கொல்கத்தா

புது தில்லி: மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதும் வார இறுதி நெருங்கிவிட்டால் கொல்கத்தாவில் வேறு பேச்சுக்கு இடமில்லை. தேநீர்க் கடையிலும், புறநகர் ரயிலிலும், மீன் சந்தையிலும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "டிக்கெட் கிடைத்ததா?"

எந்தக் கோப்பைக்கான போட்டி என்பது அந்நகருக்கு இரண்டாம்பட்சம். ஆனால், அந்த மோதல் ஓர் இறுதி ஆட்டமாகவும் அமைந்துவிட்டால் எதிர்பார்ப்பு கரை கடந்துவிடுகிறது. 1888-ல் சிம்லாவில் தொடங்கி, 1940-ல் தில்லிக்கு வந்த துராந்த் கோப்பைப் போட்டி, 2019-ல் கொல்கத்தாவுக்கு இடம் பெயர்ந்தது. தலைநகரின் அம்பேத்கர் மைதானத்தில் பார்வையாளர்கள் குறைந்துவந்த ஒரு போட்டிக்கு, அங்கே டிக்கெட் வரிசையில் விடியற்காலையிலேயே கூட்டம் நிற்கிறது. ஆசியாவின் மிகப் பழமையான கால்பந்துப் போட்டிக்குப் புத்துயிர் அளித்தது இந்த ரசிகர்கள்தான் என்றால் மிகையில்லை.

2 ரூபாய் டிக்கெட் 15 ரூபாய்: டிக்கெட்டுக்கான தட்டுப்பாடு கொல்கத்தாவுக்குப் புதிதல்ல. 1911 ஜூலை 29, சனிக்கிழமை. ஐ.எஃப்.ஏ. கேடய இறுதி ஆட்டத்தில் ஆங்கிலேய ராணுவத்தின் ஈஸ்ட் யார்க்ஷயர் அணியை மோகன் பகான் எதிர்கொண்டது. ஒருவரைத் தவிர மற்ற மோகன் பகான் வீரர்கள் அனைவரும் வெறுங்காலுடன் ஆடினர். இந்த ஆட்டத்தைக் காண வங்காளத்தின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் திரண்டனர். சிறப்பு ரயிலும், கூடுதல் நீராவிப் படகுகளும் இயக்கப்பட்டன. 2 ரூபாய் டிக்கெட் 15 ரூபாய் வரை விலைபோனதாகக் கூறப்படுகிறது. ஆட்டத்தைப் பார்க்க இயலாமல் வெளியே நின்றவர்களுக்கு, பட்டம் பறக்கவிட்டு கோல் எண்ணிக்கை தெரிவிக்கப்பட்டது. 2-1 என்ற கணக்கில் மோகன் பகான் வென்றது. அதே ஆண்டு டிசம்பரில்தான் தலைநகரைத் தில்லிக்கு மாற்றும் அறிவிப்பு வெளியானது.

பிரிவினை வளர்த்த போட்டி: 1920-ல் ஈஸ்ட் பெங்கால் கிளப் உருவானபோது இரு துருவங்கள் தோன்றின. மேற்கு வங்கத்தைப் பூர்வீகமாகக் கொண்ட "கோட்டி'களின் அணி மோகன் பகான், கிழக்கிலிருந்து வந்த "பாங்கால்'களின் அணி ஈஸ்ட் பெங்கால். 1947 பிரிவினைக்குப் பின் லட்சக்கணக்கான அகதிகள் கொல்கத்தாவில் குடியேறியபோது, இழந்த மண்ணின் பெயரைத் தாங்கிய ஒரே கொடியாக அவர்களுக்கு ஈஸ்ட் பெங்காலின் சிவப்பு-மஞ்சள் கொடி விளங்கியது. ஈஸ்ட் பெங்கால் வென்றால் ஹில்சா மீனும், மோகன் பகான் வென்றால் இறாலும் சமைப்பது இன்றும் தொடரும் வழக்கம். டிக்கெட்டுக்காக ஒருவர் இரவெல்லாம் காத்திருப்பதன் காரணம் இந்த வரலாற்றில்தான் இருக்கிறது. அவர் வாங்குவது இருக்கையை அல்ல. தன் குடும்பத்தின் அடையாளத்தை.

1997 ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை நடந்த ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு சால்ட் லேக் மைதானத்தில் 1.31 லட்சம் பேர் திரண்டனர். இந்தியக் கால்பந்து வரலாற்றில் அதற்கு முன்போ பின்போ அவ்வளவு பெரிய கூட்டம் கூடியதில்லை. பாய்ச்சுங் பூட்டியாவின் மூன்று கோல்களால் ஈஸ்ட் பெங்கால் 4-1 என வென்றது. பின்னர் நடந்த புதுப்பிப்புப் பணிகளால் அம்மைதானத்தின் கொள்ளளவு வெகுவாகக் குறைந்தது. ரசிகர்களின் ஆர்வம் மட்டும் குறையவில்லை.

16 உயிர்கள்: இந்த ஆர்வத்துக்கு ஒரு பெரும் விலையும் கொடுக்கப்பட்டிருக்கிறது. 1980 ஆகஸ்ட் 16, சனிக்கிழமையன்று ஈடன் கார்டன் மைதானத்தில் இவ்விரு அணிகளும் மோதிய லீக் ஆட்டத்தின்போது பார்வையாளர் மாடத்தில் கலவரம் மூண்டது. நெரிசலில் சிக்கி 16 ரசிகர்கள் உயிரிழந்தனர். ஆட்டம் பார்க்கச் சென்றவர்கள் வீடு திரும்பவில்லை. அவர்களின் நினைவாக ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16-ம் தேதி கால்பந்து ரசிகர்கள் தினமாக அனுசரிக்கப்படுகிறது; ரத்த தான முகாம்கள் நடத்தப்படுகின்றன.

சென்னை வீரரின் கோல்: 2023 துராந்த் கோப்பையில் இரு அணிகளும் இரு முறை மோதின. ஆகஸ்ட் 12-ல் நடந்த லீக் ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் 1-0 என வென்றது. நான்கரை ஆண்டுகளாக டெர்பியில் வெற்றியையே காணாத அந்த அணிக்கு வெற்றி கோலை அடித்தவர் சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர். அரையிறுதியிலும் கடைசி நிமிடங்களில் அவர் அடித்த கோல் அணியைக் காப்பாற்றி, இறுதி ஆட்டத்துக்கு அழைத்துச் சென்றது. அங்கே காத்திருந்தது மோகன் பகான்.

நகரம் பரபரப்பில் ஆழ்ந்தது. மைதான் பகுதியில் உள்ள கிளப் அலுவலகங்களின் முன் நீண்ட வரிசைகள் நின்றன. செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை நடந்த அந்த ஆட்டத்தில், ஒரு வீரர் வெளியேற்றப்பட்டு 10 பேருடன் ஆடிய மோகன் பகான், 71-வது நிமிடத்தில் திமித்ரி பெத்ராதோஸ் அடித்த கோலால் 17-வது முறையாகக் கோப்பையைக் கைப்பற்றியது.

ஆட்டம் நடக்காத ஞாயிறு: அடுத்த ஆண்டு, 2024 ஆகஸ்ட் 18-ல் நடக்கவிருந்த டெர்பி ரத்து செய்யப்பட்டது. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் கொலை செய்யப்பட்டதைக் கண்டித்து நகரெங்கும் போராட்டங்கள் நடந்துவந்த நேரம் அது. பாதுகாப்புக் காரணங்களைக் காட்டி போட்டி கைவிடப்பட்டது. ஆனால், ஆட்டம் இல்லாத அந்த மாலையிலும் ரசிகர்கள் மைதானத்தை நோக்கி வந்தனர். எதிரெதிர் மாடங்களில் அமர்ந்து வசைபாடிக்கொள்ளும் இரு அணியினரும், முகமதன் ஸ்போர்டிங் ரசிகர்களும் ஒன்றாக நின்று நீதி கேட்டு முழக்கமிட்டனர். போலீஸார் தடியடி நடத்தினர். பலரைப் பிடித்துச் சென்றனர். ரசிகர் என்பவர் டிக்கெட் வாங்கும் வாடிக்கையாளர் மட்டுமல்லர் என்பதை அந்த ஞாயிறு உணர்த்தியது.

மறக்கக்கூடாத பாடம்: 2025 டிசம்பர் 13-ல் அதே சால்ட் லேக் மைதானத்தில் லியோனல் மெஸ்ஸியைக் காண ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்துச் சென்றவர்கள், அவர் விரைவில் வெளியேறியதால் ஏமாற்றமடைந்தனர். நாற்காலிகள் உடைத்து வீசப்பட்டன. அதே ஆண்டு ஜூன் 4-ல் பெங்களூரு சின்னசாமி மைதானத்துக்கு வெளியே, கிரிக்கெட் வெற்றி விழாவுக்குத் திரண்ட கூட்ட நெரிசலில் 11 பேர் பலியாயினர்.

இருக்கைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற டிக்கெட்டுகள், முறையான விற்பனை, போதிய நுழைவாயில்கள், குடிநீர் வசதி - இவை பெரிய கோரிக்கைகள் அல்ல. நூறாண்டுகளுக்கும் மேலாக இந்தியக் கால்பந்தைத் தம் தோள்களில் சுமந்துவரும் ரசிகர்களுக்கு, வரிசையில் பாதுகாப்பாக நின்று, ஆட்டத்தைப் பார்த்து, பத்திரமாக வீடு திரும்பும் உரிமையையேனும் உறுதிசெய்வது போட்டி அமைப்பாளர்களின் கடமையாகும்.