உயிருக்கு உயிர்: நீதியும் நிதானமும்

  

நாட்டில் கொடிய கொலையொன்று நிகழும்போதெல்லாம் "தூக்கிலிடுங்கள்" என்ற குரல் எழுகின்றது. கொல்லப்பட்டது சிறு பிள்ளையாயின் அக்குரல் இன்னும் ஓங்குகின்றது. அதிலுள்ள வேதனை நியாயமானது. ஆனால் முஸ்லிம்களாகிய நாம் "குர்ஆனிலேயே கிஸாஸ் உண்டு" என்ற ஒரு வாக்கியத்தோடு பேச்சை முடித்துக்கொள்கின்றோம். கிஸாஸ் எந்த நிபந்தனைகளோடு வந்தது? குற்றஞ் சாட்டப்பட்டவர் இளவயதினராயின் என்ன செய்வது? இவற்றைச் சற்று நிதானமாக நோக்குவோம்.

தூக்குமேடையும் கண்டியும்

தூக்குமேடை கண்டி மக்களுக்குப் புதிதன்று. உத்துவன்கந்தை சரதியலும் அவனது தோழன் மம்மலே மரிக்காரும் 1864 மே 7ஆம் திகதி கண்டியில் தூக்கிலிடப்பட்டனர். அவ்வாண்டு மார்ச் 21ஆம் திகதி மாவனல்லையில் அவர்களைப் பிடிக்கச் சென்ற இடத்தில் கொன்ஸ்டபிள் ஷபான் உயிரிழந்தார். இலங்கைப் பொலிஸ் அந்நாளை இன்றும் நினைவுகூருகின்றது. தூக்குக் கயிற்றில் மாண்டவர்களுள் ஒருவர் முஸ்லிம்; கடமையில் உயிர் நீத்த மலாய்க்காரரும் முஸ்லிம். கதைகளில் முன்னவரின் பெயர் வீரத்தோடு பேசப்படுகின்றது. பின்னவரின் பெயரை நம்மில் பலர் அறியார். கொல்லப்பட்டவரை மறந்துவிட்டுக் கொன்றவருக்காக மட்டும் இரங்குவது நீதியாகாது. இதை முதலில் மனதிற் கொள்வோம்.

பின்னர் எழுந்த போகம்பரைச் சிறைச்சாலையிலும் தூக்குமேடை இருந்தது. அச்சிறை மூடப்பட்டுக் கைதிகள் பல்லேகலைக்கு மாற்றப்பட்டுப் பத்தாண்டுகளுக்கு மேலாகின்றன.

நாட்டின் சட்டமும் நடைமுறையும்

பிரதமர் பண்டாரநாயக்காவின் அரசாங்கம் 1958இல் மரண தண்டனையை இடைநிறுத்தியது. அடுத்த ஆண்டே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இடைநிறுத்தச் சட்டமும் நீக்கப்பட்டது. அவரைச் சுட்ட சோமாராம 1962இல் தூக்கிலிடப்பட்டார். 1976 ஜூனுக்குப் பின் இந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. 2019இல் போதைப்பொருட் குற்றவாளிகள் நால்வரைத் தூக்கிலிடும் ஆணையில் ஒப்பமிட்டுவிட்டதாக அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அறிவித்தார். உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. எனினும் மேல் நீதிமன்றங்கள் மரண தண்டனையை விதித்துக்கொண்டே இருக்கின்றன. அத்தண்டனை பெற்றோர் சிறையிலேயே காலங் கழிக்கின்றனர்.

ஆதரிப்போர் கூறுவது

முதலாவது, பாதிக்கப்பட்டோரின் உரிமை. பிள்ளையை இழந்த தாய்க்கு நீதி கிடைக்கவில்லையெனின் சட்டத்தின்மீது எவருக்கும் மதிப்பிராது. இரண்டாவது, அச்சம். தண்டனைக்கு அஞ்சியேனும் சிலர் குற்றத்தினின்று விலகுவர். மூன்றாவது, பழிவாங்கலைத் தடுத்தல். அறியாமைக் கால அரபியரிடையே ஓர் உயிருக்காக ஒரு கோத்திரமே அழிக்கப்பட்டது. கிஸாஸ் அதற்கு எல்லை வகுத்தது: கொன்றவன் மட்டுமே பொறுப்பாளி. கிஸாஸில் வாழ்வு இருப்பதாக அல்பகரா 179ஆவது வசனம் அறிவிப்பதன் கருத்தை உலமாக்கள் இவ்வாறே விளக்குகின்றனர்.

எதிர்ப்போர் கூறுவது

நீதிபதியும் மனிதரே, மனிதர் தவறுவர். சிறையிலுள்ளவர் நிரபராதி எனப் பின்னர் தெரியவந்தால் கதவைத் திறந்து விடலாம். தூக்கிலிடப்பட்டவரை எழுப்ப இயலாது. நல்ல சட்டத்தரணியை அமர்த்த வசதியற்ற ஏழையே பெரும்பாலும் கயிற்றை நெருங்குகின்றான். திருந்துவதற்கும் தவ்பாச் செய்வதற்குமான அவகாசமும் இதனால் அறுபடுகின்றது.

இவ்விரு தரப்பு வாதங்களும் வெறும் ஏட்டுப் பேச்சல்ல என்பதை எமது சமூகத்துப் பெண் ஒருத்தியின் வழக்கு காட்டிற்று.

மூதூர் ரிஸானா

ரிஸானா நபீக் மூதூரைச் சேர்ந்தவர். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின்படி அவர் பிறந்தது 1988 பெப்ரவரியில். வெளிநாடு செல்வதற்காகப் பெறப்பட்ட கடவுச்சீட்டிலோ பிறந்த ஆண்டு 1982 எனப் பதியப்பட்டிருந்தது. 2005 மே மாதம் வீட்டுப் பணிப்பெண்ணாகச் சவூதி அரேபியா சென்றார். சில வாரங்களுக்குள், அவரது பராமரிப்பிலிருந்த நான்கு மாதக் குழந்தை இறந்தது. கழுத்தை நெரித்துக் கொன்றதாக அவர்மீது குற்றஞ் சாட்டப்பட்டது. புட்டிப்பால் கொடுக்கையில் குழந்தைக்கு மூச்சுத் திணறியது என்பது அவர் கூற்று. 2007 ஜூனில் தவாத்மி நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. குழந்தையின் பெற்றோர் மன்னிக்க இணங்கவில்லை. 2013 ஜனவரி 9ஆம் திகதி தண்டனை நிறைவேற்றப்பட்டது. அன்று எமது பாராளுமன்றம் மௌன அஞ்சலி செலுத்தியது.

பச்சிளங் குழந்தையை இழந்த தாயின் துயரை நாம் சிறிதும் குறைத்துப் பேசலாகாது. எமது கேள்வி வேறு. அக்குழந்தையின் உடல் பிரேத பரிசோதனைக்கு உட்படுத்தப்படவில்லை. தகுந்த மொழிபெயர்ப்பாளர் இன்றியே வாக்குமூலம் பெறப்பட்டதாகக் கூறப்பட்டது. வற்புறுத்தலினால் ஒப்பமிட்டதாகக் கூறி அதனை அவர் பின்னர் மறுத்தார். வற்புறுத்திப் பெற்ற ஒப்புதல் செல்லாது என்பது பிக்ஹ் நூல்களின் தெளிவான முடிவு. தவறுதலாக நேர்ந்த மரணத்திற்குக் கிஸாஸ் இல்லை; தியத் என்னும் இழப்பீடும் கப்பாராவுமே உண்டு என்பது அந்நிஸா 92ஆவது வசனத்தின் சட்டம். சந்தேகம் எழுமிடத்தில் தண்டனையைத் தவிர்க்க வேண்டும் என்பதையும் இமாம்கள் அடிப்படை விதியாகக் கொண்டனர். ஆகவே இவ்வழக்கில் "ஷரீஅத் கொடியதா?" என்று கேட்பதைவிட, "ஷரீஅத் விதித்த நிபந்தனைகள் நிறைவேறினவா?" என்று கேட்பதே பொருத்தமாகும்.

இளவயதினர் விடயம்

பருவமடையாத பிள்ளைக்குக் கிஸாஸ் இல்லை. இதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடில்லை. பருவத்தின் அடையாளம் தோன்றாவிடின், ஷாபிஈ மத்ஹபில் 15 வயதும், இமாம் அபூஹனீபாவிடம் ஆணுக்கு 18, பெண்ணுக்கு 17 வயதும் எல்லையாகும். இதனைக் கொண்டு, "பதினேழு வயதுப் பெண் பாலிக்தானே" எனச் சிலர் வாதிட்டனர். அவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

எனினும் இக்கால அறிஞர் சிலர் மற்றொன்றைச் சுட்டிக்காட்டுகின்றனர். அநாதைகளின் சொத்தை ஒப்படைப்பதற்குப் பருவம் மட்டும் போதாது, அவர்களிடம் பகுத்தறியும் முதிர்ச்சியையும் காணவேண்டும் என அந்நிஸா 6ஆவது வசனம் கட்டளையிடுகின்றது. பணத்தைக் கையளிக்கவே முதிர்ச்சி தேவையெனின், உயிரைப் பறிக்கும் தீர்ப்புக்கு அது எவ்வளவு தேவை! பாகிஸ்தான் 2000ஆம் ஆண்டின் சட்டத்தினால் 18 வயதுக்குட்பட்டோருக்கு மரண தண்டனையைத் தடைசெய்தது. அமெரிக்க உயர் நீதிமன்றம் 2005 மார்ச்சில் இதே முடிவுக்கு வந்தது. 18 வயதுக்கு முன் செய்த குற்றத்திற்கு மரண தண்டனை கூடாது என்கின்றது சிறுவர் உரிமைச் சமவாயம். இலங்கை 1991இல் அதனை ஏற்றது. சவூதி அரேபியாவும் 1996இல் அதில் இணைந்தது.

மன்னிக்கும் உரிமை

கிஸாஸில் மன்னிக்கும் உரிமை கொல்லப்பட்டவரின் வாரிசுகளுக்கே உரியது. அவர்களுள் ஒருவர் மன்னித்தாலும் உயிர் தப்பும் என்பது பெரும்பாலான இமாம்களின் கருத்து. மன்னிப்பவருக்கு அது பாவப் பரிகாரமாகும் என அல்மாயிதா 45ஆவது வசனம் கூறுகின்றது. எமது நாட்டிலோ மன்னிக்கும் அதிகாரம் ஜனாதிபதியிடம் உள்ளது. 2005இல் இளம்பெண் ஒருத்தி கொல்லப்பட்ட ரோயல் பார்க் வழக்கில் மரண தண்டனை பெற்ற இளைஞர் 2019இல் ஜனாதிபதி மன்னிப்பால் விடுதலையானார். 2024 ஜூனில் உயர் நீதிமன்றம் அம்மன்னிப்பை இரத்துச் செய்தது. மன்னிப்பும் நீதியின் வரம்புக்குள் நிற்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

எமது பங்கு என்ன?

பெற்றோர்களே! ரிஸானாவின் கடவுச்சீட்டில் பொய் வயது புகுந்தது சவூதியில் அல்ல, எமது நாட்டில்தான். அதில் தொடர்புடைய முகவர் இருவருக்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் 2011இல் சிறைத்தண்டனை விதித்தது. வறுமை பிள்ளையின் வயதைக் கூட்டச் சொல்லலாம். ஆனால் அந்தப் பொய், ஆபத்து நேரத்தில் "இவள் சிறுமி" என்று சொல்லும் சான்றையே பலவீனமாக்கிவிடும். அக்குறணையாயினும் கம்பளையாயினும் மடவளையாயினும், பிள்ளையின் உண்மையான பிறப்புப் பத்திரம் அதன் உயிர்க்காப்பு என்பதை மறவாதீர்கள்.

இளைஞர்களே! இந்நாட்டுச் சட்டத்தில் 2 கிராம் ஹெரோயின் வைத்திருந்தாலே மரண தண்டனையோ ஆயுட்காலச் சிறையோ விதிக்க இடமுண்டு. 2022இல் திருத்தப்பட்ட சட்டம் 'ஐஸ்' போதைப்பொருளுக்கு 5 கிராம் என எல்லை வகுத்துள்ளது. "இதைக் கொண்டுபோய்க் கொடு" என நண்பன் நீட்டும் சிறு பொதி, உங்கள் வாழ்நாள் முழுவதையும் விழுங்கிவிடலாம்.

மரண தண்டனை வேண்டுமா, வேண்டாமா என்பதில் அறிவுடையோர் வேறுபடலாம். ஒன்றில் மட்டும் நாம் உறுதியாக நிற்போம்: ஓர் உயிரை அநியாயமாகப் போக்குவது மனிதர் யாவரையும் கொல்வதற்கு ஒப்பு என்று கற்ற சமூகம், சாட்சியும் வயதும் எண்ணமும் தெளிவாகாத இடத்தில் ஒருபோதும் "தூக்கிலிடு" எனக் கூவலாகாது.

வல்ல நாயன் அல்லாஹ் எம் பிள்ளைகளைக் குற்றத்திலிருந்தும், எம் நாவுகளை அவசரத் தீர்ப்பிலிருந்தும் காத்தருள்வானாக! ஆமீன்.