வாசல் கேமரா: பொருத்துவோர் ஏற்கும் பொறுப்பு

வீட்டு வாசலில் கண்காணிப்பு கேமரா பொருத்துவது தமிழ்நாட்டின் நகரங்களில் மட்டுமன்றிச் சிற்றூர்களிலும் வழக்கமாகிவிட்ட நிலையில், திருட்டோ அத்துமீறலோ நடந்தபின் அந்தக் கேமராவால் பயனில்லாமற்போகும் நிகழ்வுகள் தொடர்ந்து காணப்படுகின்றன. புகார் எழுதப்படுவதற்குள் பதிவு அழிந்திருக்கும். முகம் தெரிய வேண்டிய இடத்தில் உச்சந்தலை மட்டும் தெரியும். திரையில் காணும் தேதியும் நேரமும் தவறாக இருக்கும். மூலப்பதிவு காவல் நிலையத்தை அடையும் முன்பே அதன் நகல் தெரு முழுவதும் வாட்ஸ்அப்பில் சுற்றியிருக்கும். இவற்றில் பெரும்பாலானவை கருவியின் கோளாறுகள் அல்ல. கேமரா பொருத்துபவர் பிறருடைய நடமாட்டம் அடங்கிய ஒரு பதிவின் காப்பாளராகவும் ஆகிறார் என்பதை உணராததால் நேரும் இழப்புகளே இவை.

தேர்வு செய்யும்போது

விலையையும் படத்தெளிவையும் மட்டும் பார்த்து வாங்குவோர் பெட்டியில் அச்சிடப்பட்டுள்ள பதிவெண்ணைப் பார்ப்பதில்லை. இந்தியாவில் விற்கப்படும் கண்காணிப்பு கேமரா இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவுக்கு உட்பட்டது என்பதால், ‘ஆர்’ என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கும் எட்டிலக்கப் பதிவெண் அதில் இருக்க வேண்டும்; அது உண்மையானதா என்பதை அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் கடையில் நின்றபடியே சரிபார்க்கலாம். மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2024 ஏப்ரலில் வெளியிட்ட அறிவிக்கை இப்பதிவுக்கு இணையப் பாதுகாப்புச் சோதனையையும் நிபந்தனையாக்கி, 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. பதிவெண் இல்லாத மலிவுக் கேமராவை எந்தச் சலுகைக்காகவும் வாங்கக் கூடாது.

வெளிப்புறக் கேமராவுக்கு ஐபி 66 என்ற குறியீடு வேண்டும். இதில் முதல் இலக்கம் தூசு முற்றிலும் புகாமையையும், இரண்டாம் இலக்கம் எல்லாத் திசையிலிருந்தும் பீய்ச்சப்படும் நீரைத் தாங்கும் திறனையும் குறிக்கும். பெரும்பாலான வைஃபை கேமராக்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே இயங்குவதால், பொருத்தவிருக்கும் சுவருக்கு அருகில் அந்தச் சமிக்ஞை எட்டுகிறதா என்று கைப்பேசியால் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். மின்தடையின்போது கேமராவும் ரூட்டரும் சேர்ந்து அணைந்துவிடும் என்பதால் இரண்டுக்குமே மாற்று மின்சாரம் தேவை.

அதிகம் புறக்கணிக்கப்படுவது பதிவின் சேமிப்பிடத்தைப் பற்றிய கணக்காகும். நொடிக்கு 2 மெகாபிட் என்ற வேகத்தில் இடைவிடாது பதியும் ஒரு கேமரா, நாளொன்றுக்கு ஏறத்தாழ 21.6 ஜிபி இடத்தை எடுத்துக்கொள்கிறது. ஆகவே 128 ஜிபி மெமரி கார்டு ஆறு நாட்களுக்குள் நிரம்பி, பழைய காட்சியின்மேல் புதிய காட்சியை எழுதத் தொடங்கிவிடும். வெளியூர் சென்று பத்து நாள் கழித்துத் திரும்பும் குடும்பத்துக்கு அந்தக் கார்டில் முதல் சில நாட்களின் பதிவு மிஞ்சியிருக்காது.

பொருத்தும் இடமும் கடவுச்சொல்லும்

எட்டு முதல் பத்தடி உயரத்தில், நுழைபவரின் முகம் நேர்ப்படும் கோணத்தில் கேமரா அமைய வேண்டும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் பொருத்தினால் முகம் கிடைக்காது. இரவில் அகச்சிவப்பு ஒளி அருகிலுள்ள சுவரிலோ சிலந்தி வலையிலோ பட்டுத் திரும்பினால் படம் முழுவதும் வெளுத்துவிடும் என்பதால், கண்ணாடியை அடிக்கடி துடைக்க வேண்டும்.

தொழிற்சாலையில் வைக்கப்பட்ட கடவுச்சொல்லை மாற்றாத கேமரா உலகத்துக்கே திறந்துவிடப்பட்ட கேமராவாகும். 2016இல் ‘மிராய்’ என்ற தீநிரல் இத்தகைய கேமராக்களையும் பதிவுக்கருவிகளையும் பெருமளவில் கைப்பற்றியதும், 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராக் காட்சிகள் இணையத்தில் வெளியானதும் இந்த அலட்சியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் காட்டின. பொருத்த வந்த பணியாளர் தன் கைப்பேசியில் கணக்கைத் தொடங்கித் தருவதை ஏற்கக் கூடாது. கணக்கு உரிமையாளரின் எண்ணில் தொடங்கப்பட்டு, கடவுச்சொல் அன்றே மாற்றப்பட்டு, இருபடிச் சரிபார்ப்பு இயக்கப்பட வேண்டும்.

அண்டை வீட்டாரின் உரிமை

அந்தரங்கம் அரசமைப்பின் 21ஆம் கூறில் அடங்கிய அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. ஒரே வீட்டில் உடன்வசிப்போரின் ஒப்புதலின்றி வசிப்பிடப் பகுதியில் கேமரா இயக்கக் கூடாதென்று 2025இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்தது. பெண்ணொருவர் தனிமையை எதிர்பார்க்கும் சூழலில் அவரது அந்தரங்கச் செயலைப் படம்பிடிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவின்கீழ் முதல் முறையே ஓராண்டுக்குக் குறையாத சிறைக்குரிய குற்றம். அந்தரங்க உடற்பகுதியை ஒப்புதலின்றிப் பதிவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்கீழ் மூன்றாண்டு வரை சிறைக்கு உரியது. வீட்டுத் தேவைக்காகத் தனிநபர் கையாளும் தரவுக்கு 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் விலக்களிப்பது உண்மையே எனினும், அந்த விலக்கு மேற்கண்ட குற்றப் பிரிவுகளிலிருந்து எவரையும் காப்பாற்றாது.

பக்கத்து வீட்டுக் கேமரா தன் சன்னலை நோக்கியிருப்பதாகக் கருதுபவர் வாய்ச்சண்டையில் இறங்காமல், தன் வீட்டுக்குள்ளிருந்து அது தெரியும் கோணத்தைத் தேதியுடன் படமெடுத்து, கோணத்தை மாற்றவோ அப்பகுதியைத் திரையில் மறைக்கவோ கோரும் கடிதத்தை ஒப்புகைச் சீட்டுடன் கூடிய விரைவு அஞ்சலில் அனுப்ப வேண்டும். பயனில்லையெனில் காவல் நிலையத்தில் எழுத்துமூலப் புகாரும், உரிமையியல் நீதிமன்றத்தில் உறுத்துக்கட்டளை, அதாவது அச்செயலை நிறுத்துமாறு நீதிமன்றம் இடும் ஆணை, கோரும் வழக்கும் அடுத்த வழிகள். வழக்கறிஞருக்குச் செலவிட இயலாதோர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்; பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் அங்கு இலவச உதவி உண்டு; உதவி எண் 15100.

பதிவு சாட்சியமாகும் வழி

சம்பவம் தெரிந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, பதிவு அழிவதைத் தடுப்பதாகும். மெமரி கார்டைக் கழற்றி உறையிலிட்டு, வேறொரு கார்டைப் பொருத்த வேண்டும். டிவிஆர் எனப்படும் பதிவுக்கருவியாக இருந்தால் சம்பவத்துக்கு முன்னும் பின்னும் அரைமணி நேரம் சேர்த்துப் பென்டிரைவில் இறக்க வேண்டும். இணையச் சேமிப்பாக இருந்தால் சந்தாவின் காலவரம்பு முடியும் முன் தரவிறக்க வேண்டும். கேமரா காட்டும் நேரத்தையும் கைப்பேசி நேரத்தையும் ஒரே படத்தில் பதிந்துகொள்ள வேண்டுமே தவிர, கேமராவின் நேரத்தை அவசரப்பட்டுத் திருத்தக் கூடாது.

வாட்ஸ்அப்பில் அனுப்பப்படும் காணொளி சுருக்கப்பட்டு, அதன் ஹாஷ் மதிப்பு, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் அடையாள எண், மாறிவிடுகிறது. ஆகவே அந்த நகல் மூலப்பதிவுக்கு ஈடாகாது. காவல் ஆய்வாளர் தன் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னாலும், மூலப்பதிவை எழுத்துமூலம் ஒப்படைக்கும் கடமை அதனால் தீர்ந்துவிடாது.

பதிவை ஒப்படைக்கும் மனு இரண்டு படிகளில் எழுதப்பட வேண்டும். கேமரா இருக்கும் இடம், அதன் நிறுவனம், மாதிரி, வரிசை எண், பதிவின் தேதி, தொடக்க நேரம், முடிவு நேரம், நேர வேறுபாடு, ஒப்படைக்கப்படும் கார்டின் கொள்ளளவு ஆகியவற்றைக் குறித்து, ஒரு படியில் நிலைய முத்திரையுடன் கையொப்பம் பெற வேண்டும். தமிழ்நாட்டுக் காவல் நிலையங்கள் தரும் சி.எஸ்.ஆர். ரசீது புகார் பெறப்பட்டதற்கான சான்று மட்டுமே. அது முதல் தகவல் அறிக்கை ஆகாது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றத்துக்கு முதல் தகவல் அறிக்கை கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் லலிதா குமாரி வழக்கில் கூறியிருந்தும், சி.எஸ்.ஆர். ரசீதோடு மக்களை அனுப்பிவிடும் போக்கு நீடிப்பது ஏற்கத்தக்கதன்று. மூன்று ஆண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியோடு 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தப் புதிய நடைமுறைச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் மெமரி கார்டிலுள்ள பதிவோ ஆறு நாட்களில் அழிந்துவிடும். விசாரணை முடியட்டும் என்று பதிவை வாங்காமல் காத்திருக்கும் அதிகாரி அந்தச் சாட்சியத்தை இழக்கிறார்.

அறிக்கை பதிய மறுத்தால், அந்தப் புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவின்கீழ் புகாரின் சாரத்தை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பலாம். அதன்பின்னும் நடவடிக்கை இல்லையெனில் நடுவரிடம் விண்ணப்பிக்கலாம். அடுத்த வீட்டாரின் கேமராவிலுள்ள பதிவைச் சமர்ப்பிக்குமாறு ஆணையிட அச்சட்டத்தின் 94ஆம் பிரிவு காவல்துறைக்கு அதிகாரமளிப்பதால், அக்கோரிக்கையையும் அதே மனுவில் எழுதிவிட வேண்டும்.

மின்னணுப் பதிவின் நகல் நீதிமன்றத்தில் ஏற்கப்பட, பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் தேவை. அதன் ‘ஏ’ பகுதியில் கருவியின் பொறுப்பாளரும் ‘பி’ பகுதியில் வல்லுநரும் ஹாஷ் மதிப்பைக் குறித்துக் கையொப்பமிடுகின்றனர். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுச் சான்றிதழ் கட்டாயமென்றும், மூலக்கருவியே நீதிமன்றத்துக்கு வந்து உரிமையாளர் சாட்சியமளித்தால் அது தேவையில்லையென்றும் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் விளக்கியது. ஆகவே மூலக் கார்டை அழிக்கவோ மீண்டும் பயன்படுத்தவோ கூடாது. காவல்துறை அதைக் கைப்பற்றினால் பறிமுதல் மகஜரின் நகலைக் கேட்டுப் பெற வேண்டும்.

கேமராக் கணக்கு ஊடுருவப்பட்டாலோ காட்சிகள் இணையத்தில் கசிந்தாலோ 1930 என்ற எண்ணிலும் தேசிய இணையவழிக் குற்றப் புகார் தளத்திலும் முறையிடலாம். கருவி குறைபாடுடையதாக இருந்து விற்பனையாளர் கைவிரித்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அணுகியபின், இரண்டாண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கிடலாம். செலுத்திய விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மிகாத வழக்குகளுக்குக் கட்டணமில்லை. ரசீது இல்லாதவரின் வழக்கு வலுவிழக்கும் என்பதால், ரசீதின்றிக் குறைந்த விலைக்குத் தரும் கடைக்காரரின் பேச்சுக்கு இணங்கக் கூடாது.

மாதத்துக்கு ஒருமுறை கேமராவின் தேதியும் நேரமும் சரியா, நேற்றைய பதிவு திறக்கிறதா, எத்தனை நாட்களுக்கு முந்தைய காட்சி எஞ்சியிருக்கிறது என்ற மூன்றையும் ஒவ்வொரு வீட்டாரும் சரிபார்க்க வேண்டும். கேமரா பொருத்துமாறு மக்களை வற்புறுத்தும் காவல்துறை, அவர்கள் கொண்டுவரும் பதிவை அன்றே வாங்கி அத்தாட்சி தருவதைத் தன் கடமையாகக் கொள்ள வேண்டும். அந்தக் கடமை தவறினால் வீட்டார் செய்த செலவும் விழிப்பும் வீணாகிவிடும்.